முதல் வேலையிலிருந்து ஓய்வு வரை: சிவி கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்து பல வருடம் சிவி, அதாவது வேலைக்கு அனுப்பும் பயோடேட்டா, படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

கேள்வி (காரைக்குடி, இன்ஜினியரிங் கடைசி வருடம்): அக்கா, சீனியர் கொடுத்த மாடலில் அப்பா பெயர், மதம், கடைசியில் உறுதிமொழி எல்லாம் இருக்கிறது. அப்படியே அனுப்பலாமா?

வேண்டாம் தம்பி. தனியார் கம்பெனிக்கு அது எதுவும் தேவையில்லை. அரசு வேலை என்றால் அவர்கள் படிவத்தில் கேட்டதையெல்லாம் நிரப்பத்தான் வேண்டும், அது வேறு. உனக்கு ஒரு பக்கம் போதும். படிப்பு மேலே, அதற்கடுத்து ப்ராஜெக்ட். தலைப்பை மட்டும் போட்டால், நாலு பேர் குழுவில் நீ என்ன செய்தாய் என்று யாருக்குத் தெரியும்? ‘மோட்டார் கன்ட்ரோல் சர்க்யூட்டை நான் வரைந்தேன், சோதனையில் சூடேறியதால் ஹீட் சிங்க்கை மாற்றினேன்’ என்று எழுது. இன்டர்வியூவில் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் இப்போதைக்கு இருக்கட்டும். வேலையில் இரண்டு வருடம் போனதும் எடுத்துவிடு.

கேள்வி (தேவகோட்டை, இப்போது சென்னையில் சாஃப்ட்வேர்): ஒவ்வொரு கம்பெனி மாறும்போதும் சேர்த்துக்கொண்டே வந்தேன். ஐந்து பக்கம் ஆகிவிட்டது.

சேர்த்தீர்கள், கழிக்கவில்லை. நம் ஊர்க்காரர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போன காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தார். மேலாள் ஆனவரிடம் கடையை எப்படி நடத்துகிறார் என்பதுதானே கேள்வி? பெட்டியடியில் எழுதிய கணக்கு அங்கே எதற்கு? உங்கள் முதல் கம்பெனிக்கு இரண்டு வரி போதும். இப்போதைய வேலை மேலே வரட்டும், படிப்பு கடைசிக்குப் போகட்டும். மொத்தம் இரண்டு பக்கம். வெட்டியதைத் தூக்கி எறியாதீர்கள். எல்லாம் அடங்கிய முழுக் கோப்பு ஒன்று உங்களிடமே இருக்கட்டும், ஒவ்வொரு வேலைக்கும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் டிசைன், கட்டம் கட்டிய அட்டவணை இரண்டையும் தவிருங்கள். பல கம்பெனிகளில் முதலில் படிப்பது மென்பொருள். அதில் வரிகள் குழம்பிப்போகலாம்.

கேள்வி (பள்ளத்தூர்): கணக்குப் பிரிவில் இருந்தேன். பிள்ளைகளுக்காக 2014-ல் வேலையை விட்டேன். சித்தப்பாவின் ஆத்தங்குடி தரைக்கல் பட்டறைக்கு மட்டும் அவ்வப்போது கணக்கு எழுதிக் கொடுப்பேன். மறுபடி வேலை தேடும்போது இந்த இடைவெளியை எப்படி மறைப்பது?

மறைக்கவே வேண்டாம். வருடங்களை எடுத்துவிட்டு எழுதினால், படிப்பவருக்கு முதல் சந்தேகமே அங்கேதான் வரும். ‘2014 முதல் குடும்பப் பொறுப்பு’ என்று ஒரு வரி. அதற்கு விளக்கமோ வருத்தமோ தேவையில்லை.

நீங்கள் அனுப்பிய பழைய பயோடேட்டாவில் என் கண்ணில் பட்டது வேறு: ‘வாட், சேவை வரி, டேலி ஈஆர்பி 9’. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது சேவை வரி அதற்குள் போய்விட்டது. வாட் என்ற மதிப்புக்கூட்டு வரியும் பெட்ரோல், மது போன்ற சிலவற்றுக்குத்தான் மிஞ்சியது. டேலி என்ற கணக்கு மென்பொருள் 2020-ல் டேலி பிரைம் ஆனது. இந்த ஒரு வாசகம்தான் உங்களைப் பழைய ஆளாகக் காட்டுகிறது. பக்கத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சில மாதம் உட்கார்ந்து ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்து பழகுங்கள். அப்புறம் அந்த வாசகத்தை மாற்றுங்கள். வங்கிக் கணக்கு ஒப்பிடுதல், டிடிஎஸ், சரக்கு இருப்புக் கணக்கு இதெல்லாம் இன்றைக்கும் செல்லும், தைரியமாக மேலே போடுங்கள்.

பட்டறைக் கணக்கை ஏன் விட்டுவிட்டீர்கள்? சொந்தக்காரர் பட்டறையானாலும் வேலை வேலைதான். ‘கணக்கு எழுதினேன்’ என்று மொட்டையாக வேண்டாம். ‘சிமென்ட், மணல், நிறப்பொடி கொள்முதல், ஆட்களின் வாரக்கூலி, கட்டட கான்ட்ராக்டர்களிடம் நிலுவை வசூல்’ என்று எழுதினால் ஒரு சிறு தொழிலின் வரவு செலவு முழுவதும் உங்கள் கையில் இருந்தது தெரியும். சம்பளம் வாங்காமல் செய்ததையெல்லாம் நம் பெண்கள் சிவியில் விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேள்வி (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் பிஎச்டி, பேட்டரி ஆராய்ச்சி): பல்கலைக்கழகத்துக்கும் கம்பெனிக்கும் ஒரே சிவி போதுமா?

போதாது. பல்கலைக்கழகத்துக்குக் கட்டுரைகள், மாநாடுகள், ஆர்க்கிட் எண் (ஆராய்ச்சியாளர் அடையாள எண்) எல்லாம் முழுசாக வேண்டும். வருடம் ஏற ஏற அது நீளத்தான் செய்யும். கம்பெனிக்கு இரண்டு பக்கம். எந்தக் கருவியைத் தனியாக இயக்குவீர்கள், நாணய அளவிலான காயின் செல்லோடு நின்றீர்களா, பை வடிவப் பவுச் செல் வரை போனீர்களா என்பது முதல் பாதியிலேயே தெரிய வேண்டும். காப்புரிமை இருந்தால் அதையும் மேலே கொண்டுவாருங்கள்.

கேள்வி (கானாடுகாத்தான்): அப்பச்சி வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவர். ஒரு பள்ளி அறக்கட்டளையில் ஆலோசகராகக் கூப்பிட்டு, சிவி கேட்கிறார்கள்.

பட்டியலே வேண்டாம், அரைப் பக்கக் குறிப்பு போதும். கடைசியாக வகித்த பதவி, எந்தப் பிரிவில் அதிக காலம் இருந்தார், இப்போது ஊரில் என்ன பொறுப்பு பார்க்கிறார். பள்ளி என்பதால், கல்விக்கடன் கொடுத்த அனுபவம் இருந்தால் அதை முதல் வரியிலேயே வையுங்கள்.