வானத்துல என்னமோ வெளிச்சம் பாத்தேன்னு எழுதினவங்களுக்கு

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ராத்திரி வானத்துல பாத்த வெளிச்சம் பத்திதான். நீங்க பாத்தது நிஜம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அது என்னன்னு கண்டுபிடிக்கதான் எல்லார்கிட்டயும் நான் முதல்ல ஒரே விஷயத்த திருப்பி கேக்கறேன்: எவ்ளோ நேரம் தெரிஞ்சுது?

கேள்வி: ராத்திரி ஏழேகால் மணிக்கு மொட்டை மாடில துணி எடுக்க போனப்ப, ரயில் பெட்டி மாதிரி வரிசையா இருபது லைட்டுக்கு மேல போச்சு, பாதி வானத்துல ஒண்ணொண்ணா காணாம போயிடுச்சு. ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும். என்ன சார் அது?

ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுங்க, இன்டர்நெட் குடுக்கறதுக்காக அனுப்பறது. 2019 மே மாசம் முதல் 60 சாட்டிலைட்ட ஒரே ராக்கெட்ல அனுப்பினப்பவே பல நாட்டுல ஜனங்க பறக்கும் தட்டுன்னு பதறிட்டாங்க. ராக்கெட்லருந்து பிரிஞ்ச முதல் சில நாள் எல்லாம் பக்கத்து பக்கத்துல போகும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி தள்ளி தள்ளி போயிடும், அதனாலதான் மறுவாரம் தேடினா அந்த ரயில் கிடைக்காது. அதுல லைட் எதுவும் இல்ல, வெறும் வெயில்தான். சாயங்காலம் வாசல்ல இருட்டினப்புறமும் தென்னை மரத்து உச்சில மட்டும் வெயில் ஒட்டிட்டு இருக்கும் இல்லயா, அதே மாதிரி நமக்கு சூரியன் மறைஞ்சாலும் சில நூறு கிலோமீட்டர் மேல இன்னும் வெயில் அடிச்சிட்டிருக்கு. பூமியோட நிழலுக்குள்ள ஒவ்வொண்ணா நுழைய நுழைய அணைஞ்ச மாதிரி தெரியும். நீங்க பாத்தது அந்த நிழலோட ஓரத்ததான்.

கேள்வி: மேற்கு பக்கம் ரொம்ப பளிச்சுன்னு ஒண்ணு, பைக்ல போனா கூடவே வருது, நின்னு பாத்தா லேசா ஆடுது. ஒரு வாரமா தினம் வருது. யாராவது ட்ரோன் விட்டு வேவு பாக்கறாங்களா?

பயப்படாதீங்க, அது சுக்கிரன். விடியக்காலைல கிழக்கே வந்தா விடிவெள்ளின்னு சொல்றோமே அதே கிரகம்தான், நிலாவுக்கு அடுத்து ராத்திரி வானத்துல அதான் பிரகாசம். தினம் அதே நேரம், ஒரு மணி நேரத்துக்கு மேல, மெதுவா கீழ இறங்குதுன்னா ட்ரோனா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, சாதாரண ட்ரோன் பேட்டரி அப்படி தாங்காது. ரொம்ப தூரத்துல இருக்கறதால நாம நகர்ந்தாலும் அது இருக்கற திசை மாறாது, மரமும் வீடும்தான் பின்னாடி போகும், அதான் கூட வர்ற மாதிரி இருக்கு. இருட்டுல ஒத்தை புள்ளிய உத்து பாத்தா நம்ம கண்ணே அத ஆட்டி காட்டும். ஒரு கரண்ட் கம்பிக்கு நேரா வெச்சு பாருங்க, ஆடாது.

நீங்க மட்டும் இல்ல. 2012 ஆகஸ்ட்லருந்து 2013 பிப்ரவரி வரைக்கும் லடாக் எல்லைல நம்ம ராணுவ வீரர்கள் ஒரு ஏரிக்கு மேல இந்த மாதிரி வெளிச்சத்த 329 தடவை பாத்து எழுதி வெச்சாங்க, சீனா ட்ரோன்னு சந்தேகம். பெங்களூர்ல இருக்கற இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்காரங்க பாத்துட்டு சொன்னது, வியாழனும் சுக்கிரனும்னு. காவல்ல நிக்கறவங்க நேரம், திசை எல்லாம் ஒழுங்கா குறிச்சு வெச்சதாலதான் விடை கிடைச்சுது, அந்த பழக்கத்த நான் ரொம்ப மதிக்கறேன்.

எங்க தெருல ஒரு அக்கா இதே பயத்தோட வந்தாங்க, டெலஸ்கோப்ல காட்டினேன். கண்ண எடுக்காம, "ஐயோ மூணாம் பிறை மாதிரி இருக்கே தம்பி"ன்னாங்க. ஆமா, சுக்கிரனுக்கும் தேய்பிறை உண்டு.

கேள்வி: 2022 ஏப்ரல்ல நாக்பூர் பக்கம் இருந்தேன், நெருப்பு துண்டு துண்டா வரிசையா வானத்துல போச்சு. எரிகல்லுன்னாங்க, நிஜமா?

எரிகல் இல்ல. ஏப்ரல் 2, சீனாவோட லாங் மார்ச் 3பி ராக்கெட்டோட ஒரு பாகம் திரும்ப காத்து மண்டலத்துக்குள்ள வந்து எரிஞ்சது. சந்திரபூர் மாவட்டத்துல ஒரு கிராமத்துல கிட்டத்தட்ட மூணு மீட்டர் அகலத்துக்கு பெரிய உலோக வளையம் விழுந்து கெடந்துது. எரிகல் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு செகண்ட்ல முடிஞ்சிடும், ஏன்னா குறைஞ்சது செகண்டுக்கு 11 கிலோமீட்டர் வேகம், டிசம்பர்ல வர்ற ஜெமினிட்ங்கற எரிகல் மழைல எல்லாம் 35 கிலோமீட்டர். ராக்கெட் துண்டு 8 கிலோமீட்டர்தான், அதுவும் படுக்கை வாட்டத்துல வரும், அதனால நிதானமா உடைஞ்சு உடைஞ்சு போறத பாக்க நேரம் இருக்கும். இந்த மாதிரி எதாவது உங்க வயல்ல விழுந்தா தயவு செஞ்சு தொடாதீங்க, உள்ள விஷ எரிபொருள் மிச்சம் இருக்கலாம், போலீசுக்கு சொல்லுங்க.

கேள்வி: மார்கழில தென்கிழக்குல ஒரு நட்சத்திரம் சிவப்பு, பச்சை, நீலம்னு மாறி மாறி மின்னுது.

சிரியஸ், ராத்திரி வானத்துலயே ரொம்ப பிரகாசமான நட்சத்திரம். வரிசையா மூணு நட்சத்திரம் தெரியும் பாருங்க, அந்த கோட்ட கீழ நீட்டினா நேரா இதுல போய் நிக்கும். அடிவானத்துக்கு பக்கத்துல இருக்கும்போது வெளிச்சம் ரொம்ப தடிமனான காத்த தாண்டி வருது, காத்து அலைய அலைய நிறம் பிரிஞ்சு சிதறுது. பத்து பதினோரு மணிக்கு மேல ஏறினதும் மறுபடி பாருங்க, வெள்ளையா அடங்கியிருக்கும்.

கேள்வி: நிலாவ போன்ல எடுத்தேன், பக்கத்துல ஒரு பச்சை புள்ளி, கண்ணுக்கு தெரியல.

லென்சுக்குள்ள நிலா வெளிச்சமே பட்டு திரும்பி விழுந்தது. போன லேசா சாய்ச்சு இன்னொரு போட்டோ எடுங்க, நிலாவுக்கு எதிர் பக்கமா அது இடம் மாறும்.