எண்ணெய் விலை ஏறினால் என் கடன் வட்டியும் ஏறுமா?

கேள்வி: மாறும் வட்டியில் 20 ஆண்டு வீட்டுக் கடன் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. கச்சா எண்ணெய் ஏறினால் வட்டியும் ஏறும் என்கிறார்கள். வட்டியை ஏற்றினால் எண்ணெய்க் கிணறு கூடுதலாக ஊறிவிடுமா? நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான். எண்ணெய் விலை உலகச் சந்தையில் டாலரில் முடிவாகிறது. வளரும் நாட்டு மத்திய வங்கி எதுவும் அதை இறக்க முடியாது. மத்திய வங்கியின் பயமெல்லாம் அடுத்து விழும் அடியைப் பற்றி. எரிபொருள் ஏறியதும் சரக்குக் கட்டணம் ஏறும். அதைச் சொல்லி உற்பத்தியாளர் விலையை ஏற்றுவார். ஊழியர் சம்பள உயர்வு கேட்பார். பிறகு எண்ணெய் இறங்கினாலும் இவை லேசில் இறங்குவதில்லை. ‘இனி எல்லாம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்’ என்ற எண்ணம் மக்கள் மனதில் ஊன்றுவதற்குள் மறிக்கத்தான் வட்டியை ஏற்றுகிறார்கள். உணவும் எரிபொருளுமே குடும்பச் செலவில் பெரும்பங்கை விழுங்கும் நாடுகளில் அது சீக்கிரம் ஊன்றிவிடும்.

நாணய மதிப்பையும் பாருங்கள். எண்ணெயை இறக்குமதி செய்யும் நாட்டில் டாலர் தேவை கூடி உள்நாட்டு நாணயம் சரியும். ஒரே பீப்பாய்க்கு இரண்டு அடி. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த 2021 செப்டம்பரில் தொடங்கி, டிசம்பருக்குள் துருக்கி வட்டியை 19 சதவீதத்திலிருந்து 14க்குக் குறைத்தது. அந்நாட்டு நாணயமான லிரா சரிந்தது, 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. பிரேசிலோ 2021 மார்ச்சில் 2 சதவீதமாக இருந்த வட்டியை 2022 ஆகஸ்டுக்குள் 13.75க்கு ஏற்றியது. கடனாளிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் 12 சதவீதம் தாண்டியிருந்த பணவீக்கம் அந்த ஆண்டு முடிவில் 6க்குக் கீழே வந்தது. எரிபொருள் வரிக் குறைப்பும் அதற்குக் கைகொடுத்தது.

ஆகவே எண்ணெய்ச் செய்தியைக் கண்டு பதறாதீர்கள். உணவையும் எரிபொருளையும் நீக்கிக் கணக்கிடும் பணவீக்கம் மாதக்கணக்கில் ஏறி, நாணயமும் கூடவே சரிந்தால், வட்டி ஏற்றத்துக்குத் தயாராகுங்கள்.

உங்கள் கடனையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே வட்டி 8 சதவீதத்திலிருந்து 9 ஆகி, தவணையை மாற்றாமல் விட்டால், 240 மாதக் கடன் ஏறக்குறைய 304 மாதமாகிவிடும். ஒரே ஒரு சதவீதத்துக்கு ஐந்து ஆண்டுக்கு மேல்! தவணையைச் சுமார் 7.6 சதவீதம் கூட்டிக் கட்டினால் காலம் நீளாது. தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டிவிடும் வங்கிகள் உண்டு. வட்டி மாற்ற அறிவிப்பு வந்தால், மீதி எத்தனை மாதம் என்பதை முதலில் கேட்டு வாங்குங்கள்.