சோகோலாஃபை எப்படி அளப்பது?

அன்புள்ள ஐயா,

மூளையின் வளர்சிதை மாற்றம் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். மூளை ஆய்வாளர் லூயிஸ் சோகோலாஃபின் தாக்கத்தை ஒரு அத்தியாயத்தில் மதிப்பிட வேண்டும். மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டில் தேடினால் மூட்டு நோய்க் கட்டுரைகளும் கலந்து வருகின்றன. மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸைப் போட்டால் போதும் என்கிறார் நெறியாளர். போதுமா?

க.

அன்புள்ள க.,

போதாது. முதலில் மூட்டு நோயைப் பிரித்தெடுங்கள். லியோன் சோகோலாஃப் என்று இன்னொருவர் இருந்தார், மூட்டுத் தேய்மான ஆய்வில் பெரிய பெயர். இருவரும் ஒரே காலத்தில் பெத்தெஸ்டாவில், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் வளாகத்தில் இருந்தவர்கள். ஊரையோ நிறுவனத்தையோ வைத்து வடிகட்டினால் பிரியாது. 1988க்கு முந்தைய பதிவுகளில் பப்மெட் பொதுவாக முகவரியே தருவதில்லை. இணை ஆசிரியர்களைப் பாருங்கள். கெட்டி, காஃப்மன், கென்னடி, ரைவிச் இருந்தால் அவர் லூயிஸ். தனியாக எழுதியவற்றுக்குத் தலைப்புதான் வழி.

எச்-இண்டெக்ஸ் 50 என்றால், குறைந்தது 50 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 50 உண்டு என்று பொருள். மூளையின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு குளுக்கோஸ் செலவிடுகிறது என்று அளக்கும் முறையைச் சொன்ன சோகோலாஃபின் 1977 கட்டுரை பல ஆயிரம் மேற்கோள் பெற்றது. அந்தக் கணக்கில் அதுவும் ஒன்றுதான், 51 மேற்கோள் பெற்றதும் ஒன்றுதான். அவருடைய விஷயத்தில் இது பெரிய அநியாயம்.

அந்தக் கட்டுரையின் வேர் 1955இல் இருக்கிறது. மனக்கணக்குப் போடும்போது மூளை கூடுதல் ஆக்சிஜன் செலவிடுகிறதா என்று அவரும் கெட்டி முதலானோரும் அளந்தார்கள். மாற்றம் இல்லை. அன்றைய முறை முழு மூளையின் சராசரியைத்தான் தரும்; ஒரு மூலையில் நடப்பது அதில் கரைந்துவிடும். பகுதி பகுதியாக அளக்கவேண்டும். ஆனால் கதிரியக்கக் குளுக்கோஸைக் கொடுத்தால் அது சீக்கிரமே கார்பன் டை ஆக்சைடாகி வெளியேறிவிடும். அதனால் குளுக்கோஸைப் போன்ற டீஆக்சிகுளுக்கோஸை எடுத்தார்கள்; அதில் இரண்டாம் கார்பனில் மட்டும் ஹைட்ராக்சில் இல்லை. ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதற்குப் பாஸ்பேட்டை ஏற்றும், அடுத்த நொதியால் அதை மாற்ற முடியாது. செல்லுக்குள் மாட்டிக்கொள்ளும்.

எலிக்குக் கதிரியக்க டீஆக்சிகுளுக்கோஸை ஊசி போட்டு 45 நிமிடம் தமனி ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். பிறகு மூளையை உறையவைத்து, 20 மைக்ரான் சீவல்களாக்கி, எக்ஸ்ரே ஃபிலிமில் வைக்கவேண்டும்; அதிகம் தேங்கிய இடம் கருமையாகத் தெரியும். முன்னதாக நிறுத்தினால் பாஸ்பேட் ஏறாத சர்க்கரை மிச்சமிருந்து கணக்கைக் கெடுக்கும். மிகவும் நீட்டினால் ஏறிய பாஸ்பேட் கழன்றுபோவது பெரிதாகும். டீஆக்சிகுளுக்கோஸ் அளவைக் குளுக்கோஸ் அளவாக மாற்ற, சமன்பாட்டில் லம்ப்டு கான்ஸ்டண்ட் என்ற திருத்த எண் உண்டு, எலிக்கு 0.483. ரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்த எலியில் அது உயரும், அங்கேயும் 0.483 போட்டால் குளுக்கோஸ் செலவு கூடுதலாகத் தெரியும்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம், மேற்கோள்களைத் தரம் பிரிக்க இதுதான் கருவி. மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் பத்தாண்டுக்கு முப்பது எடுத்து, செய்முறைப் பகுதியைப் படியுங்கள். தமனியில் குழாய் வைத்து முழு அளவீடு செய்தவை எத்தனை? ஃபிலிமின் கருமையை மட்டும் ஒப்பிட்டவை எத்தனை? முன்னுரையில் பெயர் சொல்லிப்போனவை எத்தனை? மூன்றையும் ஒரே எண்ணாகக் கூட்டாதீர்கள்.

எதிர்ப்பக்கத்தில், மேற்கோளே இல்லாத தாக்கம் இருக்கிறது, அதுதான் மிகப் பெரியது. டீஆக்சிகுளுக்கோஸில் ஃப்ளூரின்-18 சேர்த்த எஃப்.டி.ஜி. 1976இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டது. இன்று புற்றுநோய்க்கான பெட் ஸ்கேனில் பரவலாக ஓடுவது அதுவே. அந்த ஸ்கேன்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1977ஐ மேற்கோள் காட்டுவதில்லை, பாடப்புத்தக அறிவாகிவிட்டது. ரைவிச்சும் ஃபெல்ப்ஸும் முதலாசிரியர்களாக 1979இல் வெளியிட்ட இரு மனித ஆய்வுகளையும் இடைக்கண்ணியாக வைத்து, அவற்றை மேற்கோள் காட்டியவற்றையும் எண்ணுங்கள்.

1977 கட்டுரையில் ஆசிரியர்கள் எட்டுப் பேர் என்பதையும் அத்தியாயத்தில் எழுதுங்கள். கணித மாதிரி பற்றிப் பேசுமிடத்தில் அவர்களில் ஒருவரான பாட்லாக்கின் பெயர் விடுபடக்கூடாது.