பப்மெட்டில் தேடத் தெரிந்தால் அந்த இருபதாயிரம் மிச்சம்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. தீசிஸுக்கான ‘ரிவ்யூ ஆஃப் லிட்டரேச்சர்’, அதாவது முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் பகுதி, எழுத முடியாமல் இரண்டு மாதமாகத் திணறுகிறாள், ராத்திரியில் அழுகிறாள். பிராஜெக்ட் சென்டர் ஒன்றில் இருபதாயிரம் ரூபாய்க்கு மொத்தமாக முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்க வேண்டாம். பணம் வீணாகிறது என்பது சின்னக் காரணம். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் ஏதோ ஒரு கட்டுரையைக் காட்டி “இதில் என்ன கண்டுபிடித்தார்கள்?” என்று கேட்டால், படிக்காத பிள்ளை என்ன சொல்லும்? அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடத் தெரிவது இன்றைக்கு ஒரு வேலைத்திறன். மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் பார்மகோவிஜிலன்ஸ் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் மருந்து விற்கும் நிறுவனங்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது ஆய்வு இதழ்களின் தரவுத்தளங்களைத் தேடிப் பார்த்தாக வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்த வேலைக்கும், மெடிக்கல் ரைட்டிங்குக்கும், நாளைக்கு பிஎச்.டி. சேர்வதற்கும் அடிப்படை இதுதான். உங்கள் மகள் இப்போது முட்டி நிற்கும் இடத்தை அவளே தாண்டினால், அது அவளோடு வேலைக்கும் வரும்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். பிள்ளையிடம் குறை இல்லை. தேடும் முறையை யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். இனி எழுதுவது அவளுக்கு. அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

*

அம்மாடி, நீ என்ன செய்திருக்கிறாய் என்று பார். உன் தீசிஸ் தலைப்பை முழுவதுமாக அப்படியே, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் இணையதளத்தில் போட்டிருக்கிறாய்: தேர்ந்தெடுத்த மருத்துவமனை ஒன்றில், சர்க்கரை நோயாளிகளிடையே, பாதப் பராமரிப்பு பற்றிய அறிவை வளர்ப்பதில், ‘ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம்’ எவ்வளவு பயன்படுகிறது என்பதை மதிப்பிடும் ஆய்வு. ஒன்றுமே வரவில்லை. அடுத்து வெறும் ‘டயபடிஸ்’ என்று போட்டாய். பல லட்சம் வந்து நின்றது. பயந்து மூடிவிட்டாய்.

ஏன் அப்படி ஆனது என்று தெரிந்துகொள். பப்மெட் என்பது கட்டுரைகள் அடுக்கிய அலமாரி இல்லை, அவற்றின் அட்டவணை. தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு, சுருக்கம், பொருள் தலைப்புகள் இவைதான் அதில் இருக்கும். 1879இல் தொடங்கி, பிற்காலத்தில் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்று அச்சில் போட்டுவந்த அட்டவணையின் வாரிசு அது. கணினிக்கு 1960களில் மாறியது, 1997இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். இன்று மூன்றரைக் கோடிப் பதிவுகளுக்கு மேல் இருக்கின்றன. நீ தட்டும் சொல் கட்டுரையின் உள்ளே பத்து இடத்தில் இருந்தாலும், இந்தப் பதிவில் இல்லாவிட்டால் அகப்படாது. அதோடு, நீ சொற்களை வரிசையாகப் போட்டால் அவை எல்லாமே இருந்தாக வேண்டும் என்றுதான் பப்மெட் எடுத்துக்கொள்ளும். ‘தேர்ந்தெடுத்த’, ‘மதிப்பிடும்’ என்பதையெல்லாம் சேர்த்து ஒரே சுருக்கத்தில் எந்த ஆசிரியர் எழுதியிருப்பார்?

ஆகவே தலைப்பை உடைக்க வேண்டும். இந்த வித்தையை உலகுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் நம் சீர்காழிக்காரர், எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். எந்தப் பொருளையும் அதன் முகங்களாகப் பிரித்து, பிறகு சேர்க்கலாம் என்று காட்டினார். நூல்களை வகைப்படுத்த 1933இல் வந்த அவருடைய கோலன் பகுப்பு முறை அந்த எண்ணத்தில் நிற்பது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. நீ செய்யப்போவதும் அதே முகம் பிரிக்கும் வேலைதான்.

ஒரு தாளை எடு. உன் தலைப்பில் எத்தனை கருத்து? யார்: சர்க்கரை நோயாளிகள். என்ன பிரச்சினை: பாதம், பாதப்புண். என்ன செய்கிறாய்: கற்பிக்கிறாய். என்ன விளைவு: அறிவும் பழக்கமும். நான்கு கட்டம். முதல் தேடலுக்கு நான்காவதை விட்டுவிடு. விளைவைச் சுருக்கத்தில் ஒருவர் ஒரு சொல்லில் எழுதுவார், இன்னொருவர் வேறு சொல்லில் எழுதுவார், மூன்றாமவர் எழுதவே மாட்டார். அதைக் கேட்டு நல்ல கட்டுரையை இழக்காதே. முதல் இரண்டையும்கூட ஒன்றாக்கிவிடலாம், ‘டயபடிக் ஃபுட்’ என்பதே இரண்டையும் சொல்லிவிடுகிறது.

இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே மாற்றுச்சொற்களை எழுது. முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ‘ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம்’ என்பது நம் நாட்டு நர்சிங் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் சொல். உன் கைடு சொல்வார், உன் சீனியர்கள் எழுதியிருப்பார்கள். ஆனால் இதே வேலையைச் செய்த ஒரு பிரேசில் நர்ஸோ ஈரான் நர்ஸோ ‘பேஷண்ட் எஜுகேஷன்’ என்றோ, ‘ஹெல்த் எஜுகேஷன்’ என்றோ, ‘செல்ஃப் கேர் டிரெயினிங்’ என்றோ எழுதியிருப்பார். நீ உன் சொல்லில் மட்டும் கூப்பிட்டால் அவர் எப்படித் திரும்பிப் பார்ப்பார்? தேடுவது என்றால், அந்தக் கட்டுரையை எழுதியவர் என்ன சொல் போட்டிருப்பார் என்று அவர் இடத்தில் உட்கார்ந்து யோசிப்பது. இது ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் பொத்தான் அமுக்கும் வேலை.

எழுத்துக்கூட்டலையும் கவனி. நாம் பிரிட்டிஷ் முறையில் எழுதுகிறோம், பப்மெட்டின் பொருள் தலைப்புகள் அமெரிக்க முறையில் இருக்கும். அனீமியாவை அவர்கள் ஓர் எழுத்துக் குறைத்து எழுதுவார்கள். ஊர்ப்பெயரும் அப்படித்தான். சென்னையில் நடந்த ஆய்வு வேண்டுமென்றால் ‘மெட்ராஸ்’ என்றும் போட வேண்டும், 1996க்கு முந்தைய கட்டுரைகளில் அந்தப் பெயர்தானே இருக்கும்!

சரி, சொற்கள் தயார். ஒரே கட்டத்துச் சொற்களை ‘ஆர்’ (OR) போட்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ‘ஆண்ட்’ (AND) போடு. இந்த இணைப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில்தான் தட்ட வேண்டும். அடைப்புக்குறியை மறந்தால் பப்மெட் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போய், நீ நினைக்காத கணக்கைப் போட்டுவிடும். ‘நாட்’ (NOT) என்று மூன்றாவது ஒன்று உண்டு. அதைத் தொடாதே. குழந்தைகள் வேண்டாம் என்று அதைப் போட்டால், பெரியவர்களையும் குழந்தைகளையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரையும் போய்விடும்.

அடுத்தது மெஷ். பொருள் தலைப்பு என்று மேலே சொன்னேனே, அதன் பெயர் இது. 1960இல் தொடங்கிய சொற்பட்டியல். ஆசிரியர் எந்தச் சொல்லில் எழுதினாலும் கட்டுரையின் பொருளுக்கு ஒரே பெயர் ஒட்டுவார்கள். மாரடைப்பைப் பற்றி யார் எப்படி எழுதினாலும் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற ஒரே தலைப்புக்குக் கீழே வந்துவிடும். உனக்கு வேண்டிய ‘டயபடிக் ஃபுட்’ ஒரு மெஷ் தலைப்பு. ‘பேஷண்ட் எஜுகேஷன் ஆஸ் டாபிக்’ இன்னொன்று. ‘செல்ஃப் கேர்’ என்பதும் உண்டு. இவை மரம் மாதிரி கிளை பிரிந்திருக்கும். மேல்கிளையைக் கேட்டால் கீழ்க்கிளைகளும் தானாகச் சேர்ந்து வரும்.

அப்படியானால் மெஷ் மட்டும் போதாதா? போதாது. புத்தம் புதிய கட்டுரைகள் சிலவற்றுக்கு இன்னும் தலைப்பு ஒட்டியிருக்க மாட்டார்கள். பப்மெட்டில் இருந்தும், மெட்லைன் என்னும் அதன் முக்கியப் பட்டியலில் இல்லாத இதழ்களுக்கு ஒட்டுவதே இல்லை, நம் நாட்டு இதழ்கள் சில அந்த வகை. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் மெஷ் தலைப்பையும், தலைப்பு-சுருக்கத்தில் வரும் சாதாரணச் சொற்களையும் ‘ஆர்’ போட்டுச் சேர்த்தே தேடு.

சொல்லின் வேரோடு உடுக்குறி (*) போட்டால் அதிலிருந்து கிளைக்கும் எல்லாச் சொற்களும் வரும். குறைந்தது நான்கு எழுத்து இருக்க வேண்டும். ரொம்பக் குட்டையாக வெட்டிவிடாதே. நர்ஸ், நர்சிங் வேண்டும் என்று முதல் நான்கு எழுத்தோடு நிறுத்தினால் நர்சரியும் சேர்ந்து வரும்.

தேடி முடித்ததும் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்துக்குப் போ. உன் சொற்களைப் பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்று ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் விரிவாகக் காட்டும். முடிவு விநோதமாக வந்தால் காரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும். இதை எத்தனையோ பேர் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

எத்தனை வந்தால் சரி? உன் வேலைக்கு நூற்றுச்சொச்சம் முதல் முந்நூறு வரை வந்தால் உட்கார்ந்து தலைப்புகளை ஓட்டிப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் வந்தால் ஒரு கருத்தைக் கூட்டு. பத்துக்குள் வந்தால் ஒரு கருத்தை எடுத்துவிடு, இல்லையென்றால் மாற்றுச்சொல் சேர். பயந்து மூடாதே. முதல் தேடல் யாருக்கும் சரியாக வராது, நாலைந்து முறை திருத்தினால்தான் படியும்.

இடப்பக்கம் ‘ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்’ என்று ஒரு வடிகட்டி இருக்கும். கை அங்கேதான் முதலில் போகும். போக விடாதே. இலவசமாகக் கிடைப்பதை மட்டும் படித்து எழுதிய ரிவ்யூ அரைக் கண்ணால் பார்த்த மாதிரி. முதலில் எது தேவை என்று முடிவு செய், அப்புறம் எப்படி வாங்குவது என்று பார். உன் கல்லூரி அரசுக் கல்லூரி என்றால் நூலகரிடம் ‘ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்’ பற்றிக் கேள். 2025 தொடக்கத்திலிருந்து அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான இதழ்கள் அதில் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரி என்றால் ‘சினால்’ என்னும் நர்சிங் தரவுத்தளத்துக்குச் சந்தா இருக்கிறதா என்று கேள். எதுவும் இல்லாவிட்டால், கட்டுரை ஆசிரியருக்கே மரியாதையாக நாலு வரி மெயில் அனுப்பு. மாணவி என்று தெரிந்தால் அனுப்பிவைக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர்.

நல்ல கட்டுரை ஒன்று சிக்கிவிட்டால் அதை விடாதே. கீழே அதன் மெஷ் தலைப்புகளைப் பார், உனக்குத் தோன்றாத சொல் அங்கே இருக்கும். அதை உன் தாளில் சேர். பக்கத்திலேயே ‘சிமிலர் ஆர்ட்டிகிள்ஸ்’ இருக்கும், அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளும் இருக்கும். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் புடவையே வருகிற மாதிரி, ஒன்றிலிருந்து இருபது வரும். நம் நாட்டு ஆய்வேடுகளுக்கு ‘ஷோத்கங்கா’ என்னும் இணையச் சேமிப்பகத்தையும் ஒரு நாள் பார்.

ஏ.ஐ. அரட்டைச் செயலியிடம் மேற்கோள் பட்டியல் கேட்காதே. உண்மையான இதழ்ப்பெயரும் நம்பத்தகுந்த தலைப்பும் போட்டு, பிறக்கவே பிறக்காத கட்டுரையைத் தந்துவிடும். மாற்றுச்சொல் யோசிக்க வேண்டுமானால் கேள். மேற்கோள் என்று எது வந்தாலும் பப்மெட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் இருக்கும் பி.எம்.ஐ.டி. எண்ணைப் பார்த்த பிறகே உன் நோட்டில் ஏற வேண்டும்.

நோட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. தேதி, எந்தத் தரவுத்தளம், தட்டிய வரி, வந்த எண்ணிக்கை, இந்த நான்கையும் ஒவ்வொரு தேடலுக்கும் எழுதி வை. “எப்படித் தேடினாய்?” என்று வைவாவில் கேட்டால் நோட்டைத் திறந்து காட்டலாம். பப்மெட்டோடு இணைந்த ‘மை என்.சி.பி.ஐ.’யில் இலவசக் கணக்கு தொடங்கி வரியைச் சேமித்துவிட்டால், புதிய கட்டுரை வரும்போது உனக்கே மெயில் வரும்.

*

அம்மா, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அவளை யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்கு அனுப்ப வேண்டாம், விருந்தாளி வந்தாலும் எழுப்ப வேண்டாம். நான்கு கட்டம் போட்ட தாள், சொற்கள், முதல் தேடல், இவ்வளவுதான் அன்றைக்கு. தட்டிய வரியையும் வந்த எண்ணிக்கையையும் திங்கட்கிழமை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பூஜ்யம் வந்தாலும் அனுப்பட்டும், எங்கே திருத்தலாம் என்று பார்த்து எழுதுகிறேன்.