கிரெனாஷ் வெளிறிய நிறத்தில் இருக்கிறதே, லைட்டான ஒயின்தானா? எங்கெல்லாம் விளைகிறது?

லைட்டான ஒயின் இல்லை. கிரெனாஷில் நிறத்தை மட்டும் நம்பவே கூடாது.

கிரெனாஷ் ஒரு சிவப்பு ஒயின் திராட்சை ரகம். இதற்குத் தோல் மெல்லியது. அதனால் சாயமும் குறைவு, துவர்ப்பும் குறைவு. ஆனால் தாமதமாகப் பழுக்கும் ரகம். வெயிலில் நின்று சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டே போகும். அது புளித்து முடியும்போது ஆல்கஹால் 14, 15 சதவீதத்தைச் சர்வசாதாரணமாகத் தொடும். பார்க்கத்தான் சாது. முகர்ந்தால் ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, கொஞ்சம் வெள்ளை மிளகு, காய்ந்த மூலிகை. புளிப்பு அதிகம் இருக்காது.

இதன் பூர்வீகம் ஸ்பெயினின் அரகோன் பகுதி என்பதுதான் பலரும் ஏற்கும் கருத்து. அங்கே பெயர் கர்னாச்சா. இத்தாலியின் சார்டீனியாத் தீவில் இதையே கன்னோனாவ் என்கிறார்கள். எங்கள் தீவில்தான் பிறந்தது என்று அவர்களுக்கும் ஒரு வாதம் உண்டு.

அதிகம் பேசப்படுவது தெற்கு பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கு. அங்கே மிஸ்ட்ரல் என்ற வறண்ட காற்று விடாமல் அடிக்கும். கிரெனாஷின் தண்டு கட்டையானது, பந்தலோ கம்பியோ இல்லாமல் குத்துச்செடியாகவே நின்று தாங்கிக்கொள்ளும். அங்கிருக்கும் ஷாட்டோநஃப்-டு-பாப் என்ற ஊர் என்றாலே எல்லோரும் உருண்டைக் கற்கள் நிறைந்த தோட்டங்களின் படத்தைத்தான் போடுவார்கள். ஆனால் அந்த ஊரிலேயே பெரிதும் போற்றப்படும் ஷாட்டோ ராயாஸ் என்ற தோட்டத்தின் திராட்சை மணல் மண்ணில் விளைவது, அதன் சிவப்பு ஒயின் முழுக்க கிரெனாஷ். நிறம் வெளிறித்தான் இருக்கும், விலையோ தலை சுற்றும். ரோனில் பெரும்பாலும் சிரா, மூர்வெத்ர் என்ற இரண்டு திராட்சை ரகங்களையும் இதோடு கலப்பார்கள். கிரெனாஷிடம் இல்லாத நிறத்தையும் துவர்ப்பையும் அவை கொடுத்துவிடும். காற்றுப்பட்டால் சீக்கிரம் கெடும் ரகம் என்பதால் காற்று புகும் சின்ன ஓக் பீப்பாய்களைவிட கான்கிரீட் தொட்டிகளையே அங்கே பலர் விரும்புகிறார்கள்.

மண் மாறினால் குணம் எவ்வளவு மாறும் என்று பார்க்க ஸ்பெயினுக்குத்தான் போகவேண்டும். அங்கே பிரியோராட் பகுதியில் மலைச்சரிவு முழுக்க கரும்பலகைக் கல். காய்ப்பு மிகக் குறைவு, ஒயின் அடர்த்தியாக, கருத்து வரும். மாட்ரிட்டுக்கு மேற்கே கிரெதோஸ் மலையில் கிரானைட் மணல், நல்ல உயரம், இரவில் குளிர். அங்கே அதே திராட்சை ஒளி ஊடுருவும் சிவப்பில், வாசனையே பிரதானமாக வருகிறது. என் ஓட்டு கிரெதோஸுக்குத்தான்.

அப்புறம் ஆஸ்திரேலியா. வேர்களை அழிக்கும் ஃபிலாக்செரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வரவே இல்லை. அதனால் பரோசா, மெக்லாரன் வேல் பகுதிகளில் நூறு வயது தாண்டிய கிரெனாஷ் செடிகள் இன்னும் காய்க்கின்றன. வயதான செடி குறைவாகக் காய்க்கும். இந்த ரகத்துக்கு அதுதான் நல்லது. அளவில்லாமல் காய்க்க விட்டால் சப்பையான ஒயின்தான் மிஞ்சும்.

முதல்முறை குடிக்கப்போகிறீர்கள் என்றால் 15, 16 டிகிரி செல்சியஸுக்குக் குளிர வைத்துக்கொள்ளுங்கள். சூடாக இருந்தால் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், பழ வாசனை பிடிபடாது.