மீன்பிடித் தடைக்காலம் இருந்தும் விசைப்படகுக்காரர் கையில் காசு ஏன் நிற்பதில்லை?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அப்படியும் கடலூர் விசைப்படகுக்காரர் கடனில் இருப்பது ஏன் என்று கேட்கிறீர்கள்.

தடை, மீன்பிடிக்கும் நாளைத்தான் குறைக்கிறது, படகின் வலிமையை அல்ல. விட்டுவைத்த மீன் அடுத்தவர் வலையில் விழும் என்பதால் ஒவ்வொருவரும் பெரிய எஞ்சின் வாங்குகிறார். கூடும் வருமானத்தை டீசலும் ஐஸும் வட்டியும் தின்றுவிடுகின்றன. லாபம் தெரியும்வரை புதுப்படகு இறங்கிக்கொண்டே இருக்கும். 1954-லேயே ஸ்காட் கார்டன் என்ற கனடியப் பொருளியலாளர் இதை விளக்கிவிட்டார்.

ஐஸ்லாந்தில் ஒவ்வொரு மீனினத்தின் பிடிப்பளவையும் படகுகளுக்குப் பங்கிட்டு, பங்கை விற்கவும் விடுகிறார்கள். இங்கே இழுவலையில் இறாலும் சங்கராவும் காரலும் கணவாயும் கலந்து வருகின்றன. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் அதை இனம்பிரித்து யார் எடைபோடுவது? படகு எண்ணிக்கைக்கும் எஞ்சின் திறனுக்கும் உச்சவரம்பு வைப்பதே நடக்கக்கூடிய காரியம். சிறிய பைபர் படகுக்காரருக்கும் கொஞ்சம் மீன் மிஞ்சும்.