குருவி பாத்தா சோறு வருமா?

கடிதம்:

அண்ணா வணக்கம், நான் தண்டையார்பேட்டை, விலங்கியல் ரெண்டாவது வருஷம். யூனிவர்சிட்டி ரிசர்ச் ஸ்டேஷன்ல தங்கி மிருகங்கள பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னு ரொம்ப ஆசை. ஆனா நம்ம பக்கம் இருக்கிறது கன்டெய்னர் லாரியும் கம்பெனி புகையும்தான். காட்டுப்பக்கம் போக காசும் இல்ல, "குருவி பாத்தா சோறு வருமா"ன்னு அம்மா வேற கேக்குது. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

பதில்:

தம்பி, சோத்து கேள்விய மொதல்ல முடிச்சிடுவோம், அம்மா கேக்குறது நியாயம்தான். நெட்னு ஒரு தேசிய பரீட்சை எழுதி, ஜே.ஆர்.எஃப்.ங்கிற ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை கெடைச்சா மாசம் 37,000 ரூபா, அது இல்லாம ஏதாவது ப்ராஜெக்ட்ல சேந்தா பெரும்பாலும் கம்மியாதான் வரும், மாசாமாசம் ஒழுங்கா வரும்னும் சொல்ல முடியாது. இத அம்மாகிட்ட மறைக்காம சொல்லிடு.

ஸ்டேஷன்னா ஜீப்பு, புலின்னு நெனைக்காத. ஒரே எடத்த வருஷக்கணக்கா விடாம பாக்குறதுக்குதான் அது. ஆக்ஸ்ஃபோர்டு யூனிவர்சிட்டிக்கு ஊர ஒட்டி வைட்டம்னு ஒரு காடு இருக்கு, நம்ம முண்டந்துறை மாதிரிலாம் இல்ல, சின்னதுதான். அங்க 1947லேர்ந்து மரத்துல பெட்டி மாட்டி பட்டாணிக்குருவி எப்ப முட்டை போடுது, எத்தன குஞ்சு பொரிக்குதுன்னு எழுதிட்டே இருக்காங்க. வெயில் காலம் முன்னாடியே வர்றதால குருவியும் முன்னாடியே முட்டை போடுதுன்னு இன்னிக்கு தைரியமா சொல்ல முடியுதுன்னா அந்த பழைய நோட்டுதான் காரணம்.

நம்ம பக்கம் அப்படி தொடர்ச்சியா எழுதி வச்சது ரொம்ப கம்மி, எனக்கு அதுதான் வயித்தெரிச்சல். காக்கா ஆழி கேள்விப்பட்டிருப்ப. தென்னமெரிக்கா பக்கத்து மட்டி, கப்பல்ல பாரத்துக்கு ரொப்பிட்டு வர்ற தண்ணியோட வந்திருக்கும்னு சொல்றாங்க, எண்ணூர்ல கொசஸ்தலை ஆத்து அடிய பாய் விரிச்ச மாதிரி மூடிடிச்சு. எறா சேத்துல பொதஞ்சு கெடக்கிற ஜீவன், சேறே இல்லன்னா அது எங்க போகும், கையால தடவி எறா புடிக்கிற இருளர் பொம்பளைங்க எங்க போவாங்க? மீனவங்க கத்தினப்புறம்தான் படிச்சவங்க திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் வந்து கூழைக்கடா எல்லாம் கறுப்பா நின்னுச்சே, அப்பவும் இதே கதைதான், முன்னாடி இங்க என்ன எவ்ளோ இருந்துச்சுன்னு தெரிஞ்சாதானே எவ்ளோ போச்சுன்னு சொல்ல முடியும்?

அதனால எண்ணூர் பஸ் ஏறு. மாசத்துக்கு ரெண்டு தடவ, ஒரே எடம், ஒரே அளவு நேரம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி போனா தண்ணி நல்லா வத்தும். உள்ளான்னு சேத்துல மேயுற சின்ன கரைப்பறவைங்க இருக்கு, அதுங்க கூட்டம் சேறு வெளிய தெரிஞ்சாதான் மேய எறங்கும், தண்ணி ஏறின நேரத்துல போய் நின்னுட்டு பறவையே இல்லன்னு எழுதினா அது பொய்க்கணக்கு. அதனால வத்துன நேரமா ஏறுன நேரமான்னு கண்டிப்பா குறிச்சுக்கோ, ஒண்ணுமே வரலன்னாலும் பூஜ்யம்னு எழுது. எதையும் புடிக்கலாம்னு போகாத, 1972 வனவிலங்கு சட்டம் இருக்கு, பர்மிஷன் இல்லாம கை வச்சா மாட்டிப்ப. பாக்குறதுக்கு யாரும் கேக்க மாட்டாங்க.

டிகிரி முடிச்சிட்டு மயிலாடுதுறை ஏ.வி.சி. காலேஜ்ல வைல்டுலைஃப் பயாலஜி பாரு, இல்லன்னா பரங்கிப்பேட்டை, அண்ணாமலை யூனிவர்சிட்டியோட கடல் உயிரியல் மையம் வெள்ளாறு கடல்ல கலக்குற எடத்துலயே இருக்கு, நீ கேட்ட ஸ்டேஷன் அதுதான். போறப்ப நோட்ட கையோட எடுத்துட்டுப் போ, மார்க் எல்லாரும்தான் வச்சிருப்பாங்க, கொசுக்கடியில நின்னு எண்ணுற ஆளு கெடைக்கிறதுதான் அவங்களுக்கு கஷ்டம்.